சித்தப்பா கண்ணாடியில்லாமல் போன நாடு

சித்தப்பா செத்து முதல் சில நாட்கள் நான் அழவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாருக்கும் அது பெரிய கவலையாகப் போய்விட்டது. பத்து வயதுப் பிள்ளை, அவர் தோளில் ஏறித் திரிந்த பிள்ளை, கல்லு மாதிரி இருக்கிறதே என்று மாமி அம்மாவின் காதுக்குள் சொன்னது எனக்கும் கேட்டது. மாமி அப்பாவின் அக்கா. அவருக்கு நான் என்ன பதில் சொல்வது? சித்தப்பா எங்கே போயிருக்கிறார் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த இடத்தைப் பற்றி அதுவரை ஆறு பாகங்கள் வெளிவந்திருந்தன. எழுதியவர் யப்பான்காரர். யப்பானில் இந்தப் புத்தகங்கள் இல்லாத வீடே இல்லை என்று பின்னட்டையில் போட்டிருந்தார்கள். நோர்வேஜிய மொழியில் வந்த பிறகு எங்கள் பள்ளிக்கூடத்திலும் ஏறக்குறைய அதே நிலைமைதான். எங்கள் ஊர் லோறென்ஸ்கூக் நூலகத்தில் முதற்பாகத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் அடுத்த வகுப்புக்குப் போன பிறகுதான் அதைக் கண்ணால் கண்டார்கள். கதை இதுதான். காப்புறுதிக் கந்தோரில் வேலை செய்யும் ஒருவன் மழையில் குடை பிடித்துக்கொண்டு தெருவைக் கடக்கிறான். லொறி ஒன்று அடித்துவிடுகிறது. கண்ணைத் திறந்தால் ஓர் ஆற்றங்கரையில் கிடக்கிறான். ஆறு மேட்டை நோக்கி ஓடுகிறது. அவன் சாகவில்லை, இன்னோர் உலகத்துக்கு வந்துவிட்டான். கையில் பிடித்திருந்த குடையும் கூடவே வந்திருக்கிறது. அந்த உலகத்தில் குடை என்ற சாமானை ஒருவரும் கண்டதில்லை என்பதால், அந்த ஒரு குடையை வைத்துக்கொண்டே நாலாம் பாகத்துக்குள் மந்திரியாகிவிடுகிறான்.

சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. அப்பாதான் ஒற்றைக்காலில் நின்று அவரை நோர்வேக்குக் கூப்பிட்டவர். கலியாணம் ஆகாததால் எங்களோடுதான் இருந்தார். விடியற்புறத்தில் வான் ஓட்டி, பேக்கரியிலிருந்து கடை கடையாகப் பாண் கொண்டுபோய்ப் போடுவது வேலை. சின்னப்பிள்ளைகள் வாசிக்கிற புத்தகமாக எடுத்து வாசித்தால் மொழி கெதியில் வரும் என்று நோர்ஸ்க் என்கிற நோர்வேஜிய மொழி வகுப்பு ஆசிரியை சொல்லியிருக்கிறார். இவர் நேரே ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போய், புத்தகக் கடை வாசலில் எது பெரிய குவியலாக இருந்ததோ அதில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்தத் தொடரின் முதற்பாகம். செங்கல் அளவு தடிப்பு. அதை என் முன்னால் வைத்து, "இதை நீதான் எனக்குப் படிப்பிக்கவேணும்" என்றார்.

சனிக்கிழமைக் காலைகளில் குசினி மேசையில் படிப்பு நடந்தது. நான் ஒரு பந்தி வாசிப்பேன், அவர் திரும்ப வாசிப்பார், நான் திருத்துவேன். நான் கண்டிப்பான ஆசிரியை. சித்தப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே கண் பார்வை மோசம். தடித்த கண்ணாடி. அதைக் கழற்றிவிட்டால் எதிரே இருப்பது நானா அம்மாவா என்று குரலை வைத்துத்தான் சொல்வார். கண்ணாடியோடும் புத்தகத்தை மூக்குக்குக் கிட்டப் பிடித்துத்தான் வாசிப்பார்.

ஆற்றங்கரையில் விழித்தவனோடு அந்த ஊர்க்காரர் பேசுகிற இடம் வந்தது. அவர்கள் பேசுவது அவனுக்கு உடனே விளங்குகிறது. சித்தப்பா புத்தகத்தைக் கீழே வைத்தார்.

"போனவுடனை பாஷை விளங்குதோ? நோர்ஸ்க் குர்ஸ் ஒண்டும் இல்லையோ?"

இல்லை என்றேன்.

"விசாவும் கேக்கேல்லை?"

கேட்கவில்லை என்றேன்.

"அப்ப நான் பிழையான லொறியிலை வந்திட்டன்" என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அம்மா சிரிக்கவில்லை. சித்தப்பா ஐரோப்பாவுக்குள் வந்ததே ஒரு லொறியின் பின்பெட்டிக்குள் ஒளிந்துதான் என்று நான் அறிந்தது பல வருடங்களுக்குப் பிறகு.

ஆறாம் பாகத்தில் பாதி வாசித்திருந்தோம். தை மாதம். தெருவெல்லாம் உறைந்து வழுக்கிக் கிடந்த ஒரு காலையில், லில்லெஸ்ட்ரோம் போகிற வழியில் சித்தப்பாவின் வான் சறுக்கிப்போய் எதிரே வந்த வாகனத்தில் மோதிவிட்டது. யாரிலும் பிழையில்லை என்றார்கள். நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அம்மா சப்பாத்தைக் கூடக் கழற்ற விடாமல் என்னைக் கட்டிப்பிடித்துச் சொன்னார்.

"எதிரை வந்தது லொறியோ?" என்று கேட்டேன்.

ஓம் என்றார். எனக்கு மனம் ஆறிவிட்டது. நடக்கவேண்டியது நடக்கவேண்டிய முறைப்படியே நடந்திருக்கிறது. அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

பெரியவர்கள் ஆளுக்கோர் இடம் சொன்னார்கள். சிவலோகம் என்றார் மாமி. உன் இதயத்துக்குள் என்றார் வகுப்பு ஆசிரியை. பக்கத்து வீட்டு நோர்வேஜியக் கிழவர் மெழுகுதிரியோடு வந்து மேலே வானத்தைக் காட்டிவிட்டுப் போனார். அங்கே போவது எப்படி, போனதும் முதலில் என்ன செய்வது, எதைச் சாப்பிடுவது என்று கேட்டால் ஒருவரிடமும் மறுமொழி இல்லை. அதெல்லாம் விபரமாக எழுதியிருந்தது அந்த யப்பான்காரர் மட்டும்தான். அப்பா எந்த இடமும் சொல்லவில்லை. வந்தவர்கள் கையைப் பிடிக்கும்போதெல்லாம், "நான்தானே கூப்பிட்டனான்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். கூப்பிட்டது நல்ல காரியம்தானே, அதை ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளைப் பை ஒன்றை அப்பா தன் அறை அலுமாரிக்கு மேலே வைத்திருந்தார். சித்தப்பாவின் கூட்டாளிகளுக்கு அறிவிக்கவேணும், போன் அதற்குள்தான் இருக்கும் என்று அம்மா எடுக்கப் போனபோது, "அதிலை ஒருதரும் கை வைக்காதேங்கோ" என்றார். அந்தக் குரலுக்குப் பிறகு அம்மா அந்தப் பக்கமே போகவில்லை.

நான் போனேன். அவர் எதையெதைக் கொண்டுபோயிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தாகவேண்டும். புத்தகத்தின் விதி தெளிவானது: லொறி அடிக்கும்போது உடம்பில் எது இருக்கிறதோ அது கூடப் போகும், தெறித்து விழுந்தது இங்கே தங்கிவிடும். கதிரை வைத்து ஏறிப் பையை இறக்கினேன். உள்ளே போன், பணப்பை, மணிக்கூடு, திறப்புக்கோர்வை. ஜாக்கெட் இல்லை, சப்பாத்து இல்லை. அப்படியென்றால் அவை அவரோடு போயிருக்கின்றன, குளிராது. போன் அங்கே வேலை செய்யாது, திறப்புக்கு அங்கே கதவில்லை, மணிக்கூட்டாலும் பயனில்லை. பைக்கு அடியில் கையை விட்டபோது கண்ணாடி வந்தது. ஒரு பக்கம் வெடித்திருந்தது, மற்றப் பக்கம் நன்றாக இருந்தது.

அவர் கண்ணாடியில்லாமல் போய்விட்டார். மேட்டை நோக்கி ஓடுகிற ஆற்றங்கரையில், முன்னுக்கு என்ன நிற்கிறது என்றே தெரியாமல் இருப்பார். புதிதாக வந்தவர்களை ஏற்றிப்போகிற படகு வந்தாலும் அது படகா பாறையா என்று அவருக்குத் தெரியாது. பாஷை விளங்கி என்ன செய்ய? கதிரையில் நின்றபடியே எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பையைத் திரும்ப மேலே வைத்துவிட்டு, கண்ணாடியைச் சட்டைக் கைக்குள் ஒளித்துக்கொண்டு கீழே வந்தேன். அழுத முகத்தைக் கண்ட மாமி என்னை இழுத்து மடியில் வைத்து, "இப்பதான் பிள்ளைக்கு விளங்கியிருக்கு" என்று அம்மாவிடம் சொன்னார். இரண்டு பேருக்கும் நிம்மதி.

எனக்கு நம்பிக்கை தந்ததும் அதே மாமிதான். எட்டுச் செலவு நெருங்கிக்கொண்டிருந்தது. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, அவருடைய அறையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே இருக்கிற நாள் அது. இங்கே எட்டு எட்டாம் நாளில் வராது, எல்லாருக்கும் லீவு கிடைக்கிற சனிக்கிழமையில்தான் வரும். "எட்டு முடியுமட்டும் அவன் வீட்டைச் சுத்தித்தான் நிப்பான். நாங்கள் வைக்கிறதை வந்து திண்டிட்டுத்தான் போவான்" என்றார் மாமி. இரண்டாம் பாகத்திலும் இதேதான் இருந்தது. புதிதாக வந்தவன் படகு வரும்வரை கரையில் காத்திருப்பான். அதுவரைக்கும் இங்கேயிருந்து வைப்பது அவனுக்குப் போய்ச் சேரும். ஏறிவிட்டால் பிறகு ஒன்றும் சேராது. மாமிக்கும் யப்பான்காரருக்கும் சாப்பாட்டு வகைகளில்தான் வித்தியாசமே தவிர மற்றதெல்லாம் ஒன்று.

அதனால் மாமியிடமே கேட்டேன். கண்ணாடியையும் படையலில் வைக்கலாமா? மாமி வடைக்கு உழுந்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். "செத்த ஆளின்ரை சாமானைப் படையலிலை வைக்கிறேல்லை. அதுவும் விபத்திலை உடைஞ்சிருக்கும். வீட்டுக்குக் கூடாது" என்றார். அம்மாவிடம் கேட்டேன். அப்பாவைக் கேட்காமல் அந்தப் பையைத் தொடக்கூடாது என்றார். அப்பாவைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அப்பா அந்த நாட்களில் சாப்பாட்டுத் தட்டைக்கூட எங்கேயோ பார்த்துக்கொண்டுதான் எடுத்தார்.

சனிக்கிழமை வந்தது. தமிழ்க்கடையில் வாங்கிய வாழையிலை குளிரில் விறைத்துக் கிடந்தது. அதை விரித்துச் சூடாக்கியில் போட்டு இளக வைத்தார்கள். ஆட்டிறைச்சிக் கறி, நண்டு, முட்டைப்பொரியல், இடியப்பம், சொதி, வடை என்று இலை நிரம்பியது. நோர்வேஜியருடைய பழுப்புநிறச் சீஸை வைப்பதா இல்லையா என்று ஒரு வழக்கு நடந்தது. அது இல்லாமல் அவன் பாண் தின்னமாட்டானே என்று மாமியே கடைசியில் இரண்டு துண்டு சீவி வைத்தார். சீஸுக்குக் கிடைத்த அனுமதி கண்ணாடிக்குக் கிடைக்கவில்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. சாம்பிராணி போட்டதும் புகைக்குக் கத்துகிற கருவி கத்தத் தொடங்க, அப்பா மேசையில் ஏறி அதைக் கழற்றினார்.

எல்லாரும் சித்தப்பாவின் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டு ஒவ்வொருவராக வெளியே போனார்கள். நான் கடைசியாக நின்றேன். ஆட்கள் போனதும் முழந்தாளிட்டு, சட்டைக் கைக்குள்ளிருந்து கண்ணாடியை எடுத்து, மடித்தபடியே சீஸுக்குப் பக்கத்தில் வைத்தேன். நிமிர்ந்தபோது கதவடியில் அப்பா நின்றார். பலகை வீடு, எரிகிற விளக்கை அப்படியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தப் பயந்து பார்க்க வந்திருக்கிறார்.

அவருடைய கண் நேரே இலைக்குப் போனது. அடி விழும் என்று நினைக்கவில்லை, கண்ணாடியை எடுத்துவிடுவாரே என்றுதான் பயந்தேன்.

"இது என்ன, பிள்ளை?"

"சித்தப்பா இதில்லாமல் போயிட்டார் அப்பா. அவருக்கு அங்கை ஒண்டும் தெரியாது. கதவைச் சாத்தினா இனி அனுப்பேலாது."

எங்கே என்று அப்பா கேட்கவில்லை. உள்ளே வந்து என் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். வெளியே மாமி, நேரம் போகுது, கதவைச் சாத்துங்கோ என்று மெதுவாகச் சொன்னார். அப்பா கண்ணாடியை எடுத்தார். போய்விட்டது என்று நினைத்தேன். அவர் அதில் வாயால் ஊதி, தன் சட்டை விளிம்பால் நல்ல பக்கத்தைத் துடைத்தார். வெடித்த பக்கத்தையும் விரலில் கீறிவிடாமல் துடைத்தார். பிறகு அதன் இரண்டு கால்களையும் விரித்து, படத்தைப் பார்க்கிற மாதிரித் திருப்பி, இலையின் கரையில் வைத்தார்.

"மடிச்சு வைக்கக்கூடாது" என்றார். "நித்திரையாலை எழும்பினா கண்ணைத் திறக்காமல் பக்கத்திலை தடவித்தான் எடுப்பான். விரிச்சு வைச்சாத்தான் கையிலை அம்பிடும்."

இது எந்தப் பாகத்தில் வருகிறது என்று நான் யோசித்தேன். எங்களுக்குத் தெரியாமல் அப்பாவும் அந்தப் புத்தகங்களை வாசித்திருக்கிறார் என்று எனக்குப் பெரிய மரியாதை உண்டானது.

அவர் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, கதவைத் தானே சாத்தினார். சாத்திய கையைப் பிடியிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அப்படியே படிக்கட்டில் குந்தி, மாமி அம்மா எல்லாரும் பார்க்க, வாய்விட்டு அழத் தொடங்கினார். அப்பா அழுது நான் அன்றுவரை கண்டதில்லை. ஒருவரும் கிட்டப் போகவில்லை. நான்தான் பக்கத்தில் போய் இருந்து முதுகைத் தடவிவிட்டேன்.

"அழாதேங்கோ அப்பா. இனி அவருக்குக் கண் தெரியும்" என்றேன்.

அதைக் கேட்டதும் அவர் இன்னும் கூட அழுதார். கண்ணாடி படகு வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிடும், சித்தப்பா அதைப் போட்டுக்கொண்டு ஏறிவிடுவார், எல்லாம் சரிவந்துவிட்டது. இதற்குப் பிறகும் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.