பீப் சத்தத்தை அணைத்தவள்

வீட்டில் அவளுக்குத் திருப்புளி என்று பெயர். ஆறு வயதில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, திரும்பப் பூட்டத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டபோது அக்கா வைத்த பெயர் அது. முப்பத்தெட்டு வயதிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் அவள் பூட்டவும் நன்றாகக் கற்றிருந்தாள். கட்டட வரைபடம் போடுகிறவர்கள், வீடியோ எடிட் செய்கிறவர்கள் என்று கம்ப்யூட்டரைப் போட்டுப் பிழிகிறவர்கள் எல்லாம் அவளைத் தேடி வருவார்கள். அவள் பொருத்திக் கொடுத்த மெஷின் படுத்ததில்லை என்று பேர்.

அக்கா மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சியாளர். தொண்டைப் புற்றுக்காகக் குரல்வளையையே எடுக்க வேண்டியவர்கள், அறுவைக்கு முன்னால் அவளிடம் வருவார்கள். சத்தம் புகாதபடி சுவரெங்கும் பஞ்சு அடித்த சின்ன அறையில் உட்கார்ந்து, நாலைந்து நாள் வாக்கியம் வாக்கியமாகப் படிப்பார்கள். அந்தப் பதிவை வைத்து, பின்னால் அவரவர் குரலிலேயே பேசும் ஒரு கைக்கருவி தயாராகும். கருவி செய்கிற இடம் தொலைவில் இருந்தது. முறை வர எட்டு மாதம், சில சமயம் ஒரு வருடம் ஆகும். அதுவரை பதிவுகள் அக்காவின் அறையில் இருந்த கம்ப்யூட்டரில்தான் கிடக்கும்.

பழைய மெஷின் திணறத் தொடங்கியதும், புதிதாக ஒன்று பொருத்தித் தரும் வேலை திருப்புளிக்கு வந்தது. ரெய்டு போடப் போகிறேன் என்றாள். வருமான வரிக்காரர்கள் வந்து போடுவதா என்று அக்கா கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டும் முறைக்கு அந்தப் பெயர் என்று சிரித்துக்கொண்டே அவள் விளக்கினாள். கம்ப்யூட்டர் இயங்கத் தேவையானவற்றுக்கு இரண்டு சின்ன டிஸ்க்; ஒன்றில் எழுதுவதையெல்லாம் மற்றதிலும் சாஃப்ட்வேரே எழுதிவிடும். குரல் பதிவுகளுக்கு நான்கு பெரிய டிஸ்க். அவற்றை மேய்க்க ஒரு தனிக் கார்டு. நான்கில் எது ஒன்று செத்தாலும் மற்ற மூன்றையும் வைத்து இழந்ததைக் கணக்குப் போட்டு மீட்டுவிடலாம், இன்னொன்று சாவதற்குள் செத்ததை மாற்றினால் போதும். ஒரே பெட்டியில் வந்த நான்கு டிஸ்க்கையும் தட்டில் வைத்துத் திருகினாள். வேலை முடிந்து பக்கப் பலகையை மூடும்போது, அவள் கண்ணே அதன்மேல் பட்டுவிடும்போல இருந்தது.

அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாப் பதிவுகளையும் ஒரு தனி டிஸ்க்கில் நகலெடுத்து, பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

"இனிமேலும் அந்தக் காப்பி எடுக்கணுமாடி?"

"எதுக்குக்கா? அதைத்தானே உள்ளேயே பண்ணி வச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை நேரத்தோட வீட்டுக்குப் போ."

நகல் வேறு, இது வேறு. டிஸ்க் ஒன்று செத்தால் வேலை நிற்காமல் காப்பதுதான் ரெய்டு. மொத்தமும் போனால் அது காப்பாற்றாது. அது அவளுக்குத் தெரியாததல்ல. மற்ற வாடிக்கையாளர்களிடம் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறாள். அக்கா சீக்கிரம் வீட்டுக்கு வரட்டும் என்ற ஆசையிலும், கட்டி முடித்த மிதப்பிலும் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

இரண்டாவது மாதம் அக்கா அழைத்தாள். ஏதோ கோளாறில் கார்டு பீப் பீப் என்று கத்த, பதிவு நடுவில் நின்றுபோயிருந்தது. திருப்புளி போய்ப் பார்த்தாள். ஒரு கேபிள் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். அழுத்திச் செருகினாள். பேசுகிறவர்களுக்கு இனித் தொந்தரவு வேண்டாமென்று கார்டின் சத்தத்தையே அணைத்துவிட்டாள். அதற்குப் பதிலாக டிஸ்க் கெட்டால் தன் மின்னஞ்சலுக்குச் செய்தி வரும்படி செய்ய நினைத்தாள். அதற்கு மருத்துவமனையின் நெட்வொர்க் பிரிவில் அனுமதி கேட்க வேண்டும். அடுத்த வாரம் கேட்கலாம் என்று கிளம்பினாள். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

அடுத்த வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அக்கா கம்ப்யூட்டரைத் திறந்தால் குரல்கள் இருந்த இடத்தையே காணவில்லை. திருப்புளி ஓடி வந்து கார்டு தானாகக் குறித்துவைக்கும் பதிவேட்டைத் திறந்தாள். நான்கில் இரண்டாவதாக ஒரு டிஸ்க் அன்று விடியற்காலை செத்திருந்தது. முதலில் ஒன்று செத்து நூற்று முப்பத்தேழு நாள் ஆகியிருந்தது. அவ்வளவு நாளும் கார்டு சொல்ல முயன்றிருக்கும். வாயைக் கட்டியவள் அவள்.

இறந்த டிஸ்க்குகளிலிருந்து தகவல் எடுத்துத் தருகிற நிபுணர்களிடம் அனுப்பினாள். மூன்று வாரம் கழித்துக் கையை விரித்துவிட்டார்கள். கருவிக்காகக் காத்திருந்தவர்கள் ஒன்பது பேர். இரண்டு பேருக்கு இன்னும் அறுவை ஆகவில்லை, அவர்களை மறுபடி படிக்கவைக்கலாம். மற்ற ஏழு பேரிடமும் கேட்டு வாங்கக் குரல் இல்லை.

தலைமை மருத்துவர் இரண்டு பேரையும் கூப்பிட்டு விசாரித்தார். திருப்புளி வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசிவிட்டாள். "வாராவாரம் காப்பி எடுக்கிறது என் வேலை. விட்டது நான்தான்." திருப்புளி மேஜையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே மருத்துவமனையில் இன்னும் ஆறு மெஷின் பொருத்துகிற பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது. அது நினைவுக்கு வந்ததா, வரவில்லையா என்று பின்னாளில் அவளே பலமுறை தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வந்தது. அக்காவைப் பதிவு அறையிலிருந்து எடுத்துக் குழந்தைகள் பிரிவுக்கு மாற்றினார்கள்.

போவதற்கு முன்னால், ஏழு பேர் வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்வதென்று அக்கா முடிவெடுத்தாள். திருப்புளியும் கூடப் போனாள். நான்காவது, ஒரு தையற்காரர் வீடு. முன்னறையில் தையல் மெஷின், சுவரோரம் பித்தான் தைக்காத சட்டைகள். கழுத்தில் துணி கட்டியிருந்தார். மனைவிக்குச் சர்க்கரை நோயில் பார்வை போய்ப் பல வருடம். கணவர் எழுதிக் காட்டுவதைப் படிக்க வழியில்லாதவர்.

அக்கா அவரை மட்டும் வாசலுக்கு அழைத்து, மெல்லிய குரலில் விஷயத்தைச் சொன்னாள். அவர் உள்ளே வந்து கறுப்புத் துணி ஒன்றை விரித்து, துணியில் குறி போடும் சாக்கால் எழுதினார்: "அவளிடம் சொல்ல வேண்டாம்."

"என்னம்மா எழுதுறாரு?" என்று மனைவி கேட்டார்.

திருப்புளிதான் பதில் சொன்னாள்.

"எப்ப வரும்னு கேக்குறாரும்மா. இன்னும் கொஞ்ச நாளாகும்."

"ஆகட்டும்மா. அவசரமா செஞ்சு கெடுத்துடாதீங்க."

அதன்பின் இரண்டு மாதம் திருப்புளி வேறு வேலை பார்க்கவில்லை. தையற்காரரின் வாடிக்கையாளர்களைத் தேடிப் போய், அவர்கள் கைபேசியில் அழியாமல் கிடந்த குரல் செய்திகளைக் கெஞ்சி வாங்கினாள். சட்டை தயார், கை நீளம் சரியா, நாளைக்கு வாங்க. எல்லாம் சேர்த்துப் பதினொரு நிமிடம். மணிக்கணக்கில் பேசியிருந்த மனிதரைப் பதினொரு நிமிடத்தில் கட்டிக் கொடுங்கள் என்று கருவி செய்கிறவர்களிடம் மன்றாடினாள். அவர்களும் முடிந்ததைச் செய்தார்கள்.

தையற்காரர் கருவியில் தட்டியதும் மனைவியின் பெயரை அது கூப்பிட்டது. மனைவி தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னொரு முறை கூப்பிடச் சொன்னார்.

"சாயல் இருக்கு. அவங்க அண்ணன் பேசுற மாதிரி இருக்கு" என்றார்.

தையற்காரர் கருவியை மடியில் வைத்துக்கொண்டு அதை வெகுநேரம் துடைத்தார். அதைத்தான் இன்றும் வைத்துப் பேசுகிறார்கள்.

ஒரு வருடம் கழித்து, திருப்புளி தலைமை மருத்துவருக்கு நடந்ததையெல்லாம் எழுதினாள்: நகல் வேண்டாம் என்றது நான், எச்சரிக்கையை அணைத்தது நான். அவர் இடத்துக்குப் புதிதாக வேறொருவர் வந்திருந்தார். கடிதம் கிடைத்தது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள்.

அக்கா படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள். அத்தனை நாளில் ஒரு சுடுசொல் சொல்லாதவள், அன்று சொன்னாள்.

"அன்னைக்குச் சொல்லியிருந்தா எனக்கு உதவியிருக்கும். இது உன் மனசு ஆறுறதுக்கு எழுதினதுடி."

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் சேர்ந்துதான் சாப்பிடுகிறார்கள். குழந்தைகள் பிரிவில் திக்கித் திக்கிப் பேசும் பிள்ளைகளைப் பற்றி அக்கா நிறையச் சொல்வாள். பஞ்சு அடித்த அந்த அறையைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசுவதில்லை.