ஸ்டுடியோ அண்ணா வெளுத்த முகங்கள்

இன்று பொத்தேரியில், பக்கத்து வீட்டு கீர்த்தனா அக்காவின் காலேஜ் ப்ராஜெக்ட் கண்காட்சிக்குப் போனேன். தலைப்பு, அமெரிக்கக் கருப்பினத் தொழில்முனைவோர். தங்கள் கூந்தலுக்கேற்ற எண்ணெய் கடையில் கிடைக்காததால் தாங்களே தயாரித்து விற்ற பெண்களைப் பற்றி ஆசையாகப் படித்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். சார்ட்டில் ஒட்டியிருந்த போட்டோக்களில் எல்லா முகமும் வெளுத்திருந்தது.

மார்க் போடும் மேடம் அடுத்த மேசைவரை வந்துவிட்டார். சொல்லலாமா, வேண்டாமா என்று தவித்து, கடைசியில் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"ஐயோ! பிரிண்ட் போட்ட ஸ்டுடியோ அண்ணா, பாஸ்போர்ட் போட்டோ மாதிரியே இவங்களையும் வெள்ளையாக்கிட்டாருடி! இப்ப என்ன பண்றது?"

மேடம் வந்து பார்த்தார். "போட்டோஸ் எல்லாம் நல்லா பளிச்சுன்னு வந்திருக்கேம்மா! வெரி குட்."

அக்கா என் கையைக் கிள்ளினாள். நானும் மேடத்தைப் பார்த்துத் தலையாட்டி வைத்தேன்.

அக்காவுக்கு மார்க் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் அந்த முகங்கள் இன்னும் உறுத்துகின்றன. நீங்களாக இருந்தால் மேடத்திடம் சொல்லியிருப்பீர்களா?