தம்பி தலை ஸ்கேன் இருந்த சிடி

என் தம்பிக்கு முதல் வலிப்பு வந்தது திருச்சானூர் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில். வண்டியில் ஆறு பேர் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஏழாவது ஆளுக்காகக் கூவிக்கொண்டிருந்தவன் பாதிச் சொல்லில் நின்று, டிரைவர் சீட்டிலிருந்து சரிந்து விழுந்தானாம். அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவனுக்குப் பேச்சு வரவில்லை. நான் சித்தூரிலிருந்து பஸ் பிடித்துத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பேச்சு திரும்பியிருந்தது. "எதுனா துன்னியா அக்கா?" என்று என்னைக் கேட்டான். அவன் பொண்டாட்டி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

மறுநாள் ஸ்கேனில் இடது காதுக்கு மேலே, மூளைக்குள் ஒரு கட்டி தெரிந்தது. நெல்லிக்காய் அளவு. டாக்டர் கம்ப்யூட்டரில் காட்டி விளக்கினார். கட்டி இருக்கும் இடம் பேச்சுக்கான இடம். ஆபரேஷன் செய்தால் பேச்சு போகலாம், போகாமலும் இருக்கலாம். செய்யாமல் விடலாமா என்பது அது எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதைப் பொறுத்தது. வேகத்தை ஒரே ஒரு ஸ்கேனை வைத்துச் சொல்ல முடியாது. இதற்கு முன்னால் எப்போதாவது தலைக்கு ஸ்கேன் எடுத்ததுண்டா என்று கேட்டார்.

உண்டு. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் பாலசமுத்திரம் பக்கத்து எங்கள் ஊரில், மாங்காய் ஏற்றிய டிராக்டரிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டான். அப்போது எடுத்தோம். எலும்பு உடையவில்லை, பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

"அந்தப் படம் வேண்டும்," என்றார் டாக்டர். "திங்கட்கிழமை ஆபரேஷனுக்கு எழுதியிருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் கொண்டுவாருங்கள்."

அன்று வியாழக்கிழமை.

அந்த ஸ்கேன் சென்டர் மூடி ரொம்ப நாளாகிவிட்டது. ஃபிலிம்கள் என் வீட்டு பீரோ மேல்தான் இருந்தன. ஒரு மழைக்காலத்தில் ஓதம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தபோது கறுப்பு மசியெல்லாம் உரிந்து வந்தது. ஆனால் சிடி ஒன்று உண்டு என்பது எனக்கு நினைவிருந்தது. அந்தக் காலத்தில் சித்தூரில் ஒரு இன்டர்நெட் கடையில் வேலை பார்த்தேன். ஸ்கேன் சென்டரில் காலி சிடி தீர்ந்துவிட்டது என்றதும், என் பையில் இருந்த ரீரைட்டபிள் சிடியை எடுத்துக் கொடுத்தேன். எழுதி, அழித்து, திரும்ப எழுதக்கூடிய சிடி. கடை வேலைக்காக எப்போதும் பையில் ஒன்று வைத்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பழைய சர்டிஃபிகேட் ஃபைலுக்குள் அது கிடைத்தது. மேலே என் கையெழுத்தில் "தம்பி தலை ஸ்கேன்" என்று மார்க்கரால் எழுதியிருந்தது. அதன் குறுக்கே ஒரு கோடு. அதுவும் நான் போட்ட கோடுதான்.

பீரோ முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கோடு போட்டேன் என்றால் அழித்துவிட்டேன் என்று அர்த்தம். அந்த சிடிகளுக்கு நாங்கள் வைத்திருந்த வழக்கம் அதுதான். உள்ளே இருப்பதை அழித்தால் மேலே இருக்கும் பெயரை அடிப்போம். எப்போது அழித்தேன், எதற்காக அழித்தேன், எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

சித்தூரில் இரண்டு இடங்களில் போட்டுப் பார்த்தேன். இரண்டிலும் சிடி கொஞ்ச நேரம் சுற்றியது, பிறகு டிஸ்க்கைப் போடுங்கள் என்று கம்ப்யூட்டர் கேட்டது. இரண்டாவது கடைக்காரர் திருப்பதியில் ஒருவரைப் பற்றிச் சொன்னார். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் கேமரா, ஹார்ட் டிஸ்க் ரிப்பேர் செய்கிறவர், பழைய சாமான் எதையும் தூக்கிப் போடாதவர்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அவர் கடையில் இருந்தேன். ஐம்பது வயதிருக்கும், தெலுங்குக்காரர். சிடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நடு ஓட்டையின் விளிம்பில் ஒரு விரிசல் இருந்தது. நகக்கண் அளவுதான். நான் அதுவரை அதைக் கவனிக்கவில்லை.

"சூஸ்தானு. கேரண்டீ மாத்ரம் லேதக்கா," என்றார். பார்க்கிறேன், உத்தரவாதம் மட்டும் கிடையாது.

வெறும் தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தார். புது டிரைவ் இரண்டும் அதை ஏற்கவில்லை. ரீரைட்டபிள் சிடி சாதாரண சிடி அளவுக்கு வெளிச்சத்தைத் திருப்பித் தராது, நாளாக ஆக இன்னும் மங்கும், புது டிரைவ்கள் அதைக் காலி என்று நினைத்துக்கொள்ளும் என்று தெலுங்கும் தமிழுமாக விளக்கினார். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து பழுப்பேறிப்போன ஒரு கம்ப்யூட்டரை இழுத்து வெளியே வைத்தார். அதிலிருந்த டிரைவ் சிடியை வாங்கிக்கொண்டது. ஒரு நிமிஷம் முனகிவிட்டு ஃபைல்களைக் காட்டியது.

இரண்டே ஃபைல்கள். ஒன்று என் பயோடேட்டா. இன்னொன்று என் போட்டோ, பட்டுப்புடவையில், தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, ஸ்டுடியோவில் எடுத்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவதற்காக எழுதிவைத்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. அவசரத்தில் கையில் கிடைத்த சிடியை எடுத்தேன். எழுதி முடித்துத் திறந்தபோது ஸ்கேன் அதில் இல்லை. போகட்டும், அவனுக்குத்தான் சரியாகிவிட்டதே என்று மேலே கோடு போட்டேன்.

கடைக்காரரிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் வேறொரு சாஃப்ட்வேரைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பினார்.

"நீங்க அழிக்கலக்கா. அழிக்காமயே அதுக்கப்புறம் எழுதியிருக்கீங்க. கம்ப்யூட்டர் கடைசியா எழுதினதை மட்டும்தான் காட்டுது. முன்னாடி எழுதினது உள்ளயே இருக்குது."

ஸ்டூலை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. சிடியில் உள்ளிருந்து வெளியேதான் எழுதுவார்கள் என்றார். முதலில் எழுதிய ஸ்கேன் நடு ஓட்டையை ஒட்டி இருக்கிறது. விரிசலும் அங்கேதான். வேகமாகச் சுற்றினால் வெடித்துவிடும்.

ஆக மெதுவான வேகத்தை வைத்து ஓடவிட்டார். திரையில் கட்டம் கட்டமாக நிரம்பிக்கொண்டு வந்தது. படிக்க முடிந்தது பச்சை, முடியாதது சிவப்பு. ஒவ்வொரு சிவப்புக்கும் டிரைவ் திரும்பத் திரும்ப முயன்று முனகியது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து பச்சையை மட்டும் எண்ணப் பார்த்தேன், முடியவில்லை.

பன்னிரண்டு மணிக்குத் தம்பி பொண்டாட்டி போன் செய்தாள். காலையில் அவனுக்கு இன்னொரு முறை வலிப்பு வந்ததாம்.

"நீங்க தேடிக்கினே இருங்க அண்ணி. அதுக்குள்ள அவருக்கு எதுனா ஆயிடுச்சுன்னா யாரு பதில் சொல்றது? திங்கக்கிழமை அறுத்து எடுத்துடட்டும்."

அவள் சொன்னதில் தப்பு இல்லை. சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கொள் என்றேன். கோடு போட்டதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

இரண்டு மணி சுமாருக்கு டிரைவுக்குள் கர்ரென்று ஒரு சத்தம். அவர் சட்டென்று நிறுத்தி சிடியை வெளியே எடுத்தார். விரிசல் கொஞ்சம் நீண்டிருந்தது. அதுவரை வந்ததைத் திறந்து பார்த்தோம். தலையைக் கீழிருந்து மேலாக, துண்டு துண்டாக எடுத்த படங்கள். கழுத்து வந்திருந்தது, தாடை, கண் குழிகள், காது வரைக்கும் வந்திருந்தது. காதுக்கு மேலே ஒன்றுமில்லை. எனக்கு வேண்டியது அதற்கு மேலேதான் இருந்தது.

அவர் சிடியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"திரும்பப் போட்டா உடைஞ்சாலும் உடையும். இத்தோட நிறுத்திட்டுப் பெரிய ஊர்ல லேப்ல குடுக்கலாம். பத்து நாள் ஆகும். நீங்கதான் சொல்லணும்."

பத்து நாள் எங்களிடம் இல்லை. தம்பியைக் கேட்கலாமென்று போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். படுக்கையில் கிடப்பவன் தலையில் இதையும் ஏற்ற மனம் வரவில்லை.

"போடுங்கண்ணா," என்றேன்.

அவர் சிடியைத் திரும்ப டிரைவுக்குள் வைத்தார். ஃபேனையும் நிறுத்திவிட்டார், சத்தம் காதில் விழவேண்டும் என்று. பச்சை ஒன்று, சிவப்பு நாலு, பச்சை இரண்டு என்று வந்துகொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் ஓடியிருக்கும், உள்ளே பட்டென்று கேட்டது. கம்ப்யூட்டர் நின்றது. அவர் டிரைவின் கதவைத் திறந்து இழுத்தபோது சிடி இரண்டு துண்டாக வந்தது.

ஆனால் அதுவரை படித்தது தனியாகச் சேமிப்பாகியிருந்தது. திறந்தார். காதுக்கு மேலே பதினோரு படங்கள் வந்திருந்தன. நாலைந்தில் பாதிக்கு மேல் கறுப்பு. இரண்டு மூன்றில் சாம்பல் நிறத்தில் ஏதோ மங்கலாக இருந்த மாதிரி இருந்தது. அது கட்டியா நிழலா என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முன்னும் பின்னும் நகர்த்தினார். ஸ்கேலால் அளப்பது போல மவுஸால் கோடு இழுத்தார். தம்பி பொண்டாட்டி என் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"இது அப்போதே இருந்திருக்கிறது," என்றார் டாக்டர். "பதினான்கு வருஷத்தில் கொஞ்சம்தான் வளர்ந்திருக்கிறது. திங்கட்கிழமை அவசரம் இல்லை."

அப்போதே சொல்லாமல் விட்டவர்கள் மேல் எனக்கு வரவேண்டிய கோபம் அந்த நேரத்தில் வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டேன். வலிப்புக்கு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன், வேகம் கூடினால் அப்போது ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். இனிமேல் வண்டி ஓட்டக்கூடாது என்றார். அதைக் கேட்டதும்தான் தம்பி பொண்டாட்டி அழுதாள்.

வராந்தாவில் வைத்து அவளிடம் கோடு போட்டதைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"இப்ப சொல்றீங்களே அண்ணி," என்று மட்டும் சொல்லிவிட்டு, மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்கு இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு சில மாதம் அவள் என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. நானாக ஒன்றும் கேட்கவில்லை.

தம்பி ஆட்டோவைக் கொடுத்துவிட்டான். இப்போது திருச்சானூரில் ஒரு லாட்ஜில் அறைச் சாவி கொடுத்து வாங்கும் வேலை. ஒரு நாள் முழுக்க நாற்காலியில் உட்காருவது அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் போகிறான். இதுவரை நாலு ஸ்கேன் எடுத்துவிட்டோம். நாலிலும் பெரிய மாற்றம் இல்லை. ஒவ்வொரு முறையும் அவனை உள்ளே அனுப்பிவிட்டு, நானும் அவன் பொண்டாட்டியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு அணையும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.