சத்தமில்லாத காரும் சவுரியப்பன் நாற்காலியும்

தருமபுரி பைபாஸில் மாதவராஜ் நடத்தும் ஓட்டலின் கார் நிறுத்துமிடத்துக்குச் சவுரியப்பன் பொறுப்பேற்றுப் பதினொரு வருடமாகிறது. அதற்கு முன் முப்பது வருடம் அவர் நின்றார். செங்கல் சூளையில் நின்றார். கிரானைட் பட்டறையில் நின்றார். துணிக்கடை வாசலில் "வாங்க வாங்க" என்று கும்பிட்டபடி நின்றார். இப்போது வயது ஐம்பத்தெட்டு. முட்டி இரண்டும் எப்போதோ ராஜினாமா கொடுத்துவிட்டன. ஆகவே அவர் வாழ்க்கையில் எட்டிப்பிடித்த ஒரே பதவி, ஓட்டல் வாசலில் புங்க மரத்தடியில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிதான்.

அது சும்மா கிடைத்ததல்ல. மற்ற வாட்ச்மேன்கள் நின்றுகொண்டு கண்ணால் வேலை பார்ப்பார்கள். சவுரியப்பன் உட்கார்ந்துகொண்டு, கண்ணை மூடி, காதால் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூரிலிருந்து ஸ்போர்ட்ஸ் கார்காரர்கள் கூட்டமாகக் கிளம்பி நூற்றுமுப்பது கிலோமீட்டர் தாண்டி இங்கே பொங்கல் சாப்பிட வருவார்கள். பெங்களூரில் பொங்கல் இல்லையா என்று கேட்கக் கூடாது. காருக்கு ஒரு காரணம் வேண்டும். அவர்கள் மேம்பாலத்தில் ஏறும்போதே உறுமல் கேட்டுவிடும். சவுரியப்பன் எழுந்து, சோம்பல் முறித்து, முன்வரிசையை மறித்து வைத்த ஆரஞ்சு கூம்புகளை எடுத்து ஓரம் வைக்கவும், கார் நிற்காமல் உள்ளே நுழையவும் சரியாக இருக்கும். காரைப் படம் பிடிக்கக் கூட்டம் சேரும். சேர்ந்த கூட்டம் காபி குடிக்கும். மாதவராஜின் பொருளாதாரக் கொள்கை அவ்வளவுதான். அதனால்தான் "சவுரிக்கு மட்டும் சேர் போடுங்கப்பா" என்று அவரே வாய்திறந்து உத்தரவிட்டார். சவுரியப்பனும் நன்றி மறக்காமல், சர்ச்சில் ஞாயிறு பூசையைச் சனிக்கிழமை சாயங்காலமே பார்த்து முடித்துவிடுவார்.

இந்த ஏற்பாட்டில் மண்ணைப் போட்டது ஐரோப்பா.

சத்தமே எங்கள் பாரம்பரியம் என்று அறுபது வருடமாகப் பளபளப்பான தாளில் அச்சடித்துக் கொடுத்த கார் கம்பெனிகள், ஒரு நாள் எஞ்சினுக்குப் பக்கத்தில் பேட்டரியைக் குடிவைத்தன. அதே தாளில், அதே மையில், மௌனமும் எங்கள் பாரம்பரியம்தான் என்று அச்சடித்தன. தருமபுரியில் ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் பிரபாகர் வந்தார். கடத்தூரில் பிறந்து பெங்களூரில் பணக்காரரானவர். பழைய சிவப்புக் காரைக் கொடுத்துவிட்டு, வெள்ளி நிறத்தில், எஞ்சினும் பேட்டரியும் சேர்ந்த புது ஹைபிரிட் வாங்கியிருந்தார். மேம்பாலத்திலிருந்து பேட்டரியிலேயே இறங்கி, கூம்புகளுக்கு முன் வந்து நின்றார். ஆரன் அடிக்கவில்லை. அந்தக் காரில் உட்கார்ந்து ஆரன் அடிப்பது லாரிக்காரன் வேலை என்பது அவர் எண்ணம். சவுரியப்பன் கண்ணை மூடியிருந்தார். எதேச்சையாகத் திறந்தபோது எதிரே கார், சத்தமே இல்லாமல் அரை அடி நகர்ந்து நின்றது.

"ஐயய்யோ, சார் வண்டி ஆஃப் ஆயிடுச்சு! யாராச்சும் ஒரு கை குடுங்கப்பா!"

நம் ஊர்ப்பக்கம் நின்றுபோன வண்டியைப் பார்த்தால் யாரும் காரணம் விசாரிப்பதில்லை. முதலில் கையை வைத்துவிடுவார்கள். பொம்மிடியிலிருந்து ஒகேனக்கலுக்குக் கிளம்பிய வேன் கூட்டம் வெளிமேசையில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எட்டுப் பேர் சாப்பிட்ட கையோடு ஓடிவந்தார்கள். கண்ணாடிக்கு உள்ளே பிரபாகர் தலையையும் கையையும் ஆட்டினார்.

"வெக்கப்படாதீங்க சார்! எங்க வேனுந்தான் மொரப்பூர்ல நின்னுபோச்சு!" என்று தைரியம் சொன்னார் ஒரு அம்மா.

"நியூட்ரல்ல போடுங்க சார்! ஏய், நீ அந்தப் பக்கம் புடி!"

பம்பர் பிய்ந்துவிடும் என்ற பயத்தில் பிரபாகர் பிரேக்கை விட்டார். எழுநூறு குதிரைச் சக்தி கொண்ட வாகனம், எட்டுப் பேர் சக்தியில் முன்வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது. பின்பக்கம் முழுக்க நெய்க் கைரேகை. ஒன்றில் மிளகும் இருந்தது. முன்பே வந்திருந்த அவருடைய கார் கிளப் நண்பர்கள் வீடியோ எடுத்தார்கள்.

இறங்கிய பிரபாகர் மெதுவாகச் சொன்னார்: "வண்டி ஓடிக்கிட்டுதாங்க இருந்துச்சு."

"சத்தம் கேக்கலீங்களே சார்?"

"வராது. ஹைபிரிட்."

"அப்ப நின்னுபோனா எப்டிங்க தெரியும்?"

இதற்குக் கம்பெனியிடமே பதில் இருந்திருக்காது.

மாதவராஜிடம் பதில் இருந்தது. "அந்தச் சேரை எடுத்து உள்ள போடுங்க. சவுரி, இனிமே நின்னு கண்ணால பாருங்க."

ஒரு வாரம் நின்றார். வலது முட்டி பப்பாளிக்காய் ஆனது. மனைவி ஆரோக்கியம்மாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "காரே வாயை மூடிகிச்சு, நீ ஏன் முனகற?" என்றாள்.

அடுத்த ஞாயிறு சவுரியப்பன் பிரபாகரிடம் மனு போட்டார். "சார், மேம்பாலத்துல ஏறும்போது மட்டும் இன்ஜினைப் போட்டுட்டு வாங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும். என் சேரே போயிடுச்சுங்க."

பிரபாகர் பெருமூச்சு விட்டார். "எனக்கு மட்டும் ஆசை இல்லீங்களா? காலைல பழைய காரை எடுத்தா சத்தம்னு அபார்ட்மெண்ட்ல புகார். அதுக்காகத்தான் இதை வாங்கினேன். முன்னெல்லாம் நான் வந்தா முப்பது பேரு திரும்பிப் பாப்பாங்க. இப்ப ஒருத்தரும் பாக்கறதில்ல. போன வாரம் ஒரு தடவை கூட்டம் சேந்துச்சு, அதுவும் தள்ளறதுக்கு."

இரண்டு சோர்ந்த மனிதர்களுக்கு இடையில் ஒப்பந்தம் கையெழுத்தில்லாமல் நிறைவேறியது.

அதன்படி அடுத்த ஞாயிறு மேம்பாலம் உறுமியது. சவுரியப்பன் தலையைத் திருப்பாமலே கூம்புகளை எடுத்தார். பிரபாகர் கம்பீரமாக உள்ளே வந்தார், ஆறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "பரவால்லியே" என்று மாதவராஜ் கல்லாவிலிருந்தே தலையாட்டினார். சவுரியப்பன் கூம்புகளைத் திரும்ப வைத்துவிட்டு, சேரைக் கேட்க உள்ளே போனார். அவர் பேச்சை ஆரம்பிப்பதற்குள் வெளியே பஸ் ஆரன் அலறியது. அதே கிளப்பின் இன்னும் இரண்டு ஹைபிரிட்கள் பூனை மாதிரி வந்து கூம்புக்கு முன்னால் நின்றிருந்தன. பின்னால் சேலம் பஸ், அதற்குப் பின்னால் தக்காளி லாரி. சர்வீஸ் ரோடு அடைத்துக்கொண்டது.

மாதவராஜ் கெட்ட மனிதரல்ல. நெரிசல் தீர்ந்ததும் யோசித்துத் தீர்ப்பு சொன்னார்: "முட்டி வலிக்குதுன்னா சேரை எடுத்துக்குங்க. ஆனா மரத்தடி வேணாம். சர்வீஸ் ரோடு முனைல போட்டு, மேம்பாலத்தையே பாத்துகிட்டு இருங்க."

முனையில் மரம் இல்லை. எதிர்வெயில் காலை எட்டு மணிக்கே நேராக முகத்தில் விழும்.

சாயங்காலம் ஆரோக்கியம்மாள் கேட்டாள்: "சேரு குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்க."

"அப்பறம் ஏன் மூஞ்சி இப்டி இருக்குது?"

"கண்ணைத் தொறந்துகினே உக்காரணுமாம்."

"ஊருல எல்லாரும் அப்டித்தான் உக்காந்திருக்காங்க."

சவுரியப்பன் ஈரத்துண்டை மடித்துக் கண்மேல் போட்டுக்கொண்டு, விளக்கு வைக்கும் முன்பே பாயில் நீட்டிப் படுத்தார்.