விசாரணை அண்ணனின் போன்

"யாரு? எங்கிருந்து வர்றீங்க? யாரைப் பார்க்கணும்? எப்போ திரும்பிப் போவீங்க?"

வேலையில் சேர்ந்த முதல் நாள் காலையில் என்னை வாசலில் நிறுத்தி அவர் கேட்ட கேள்விகள் இவை. முதல் மூன்றுக்கும் பதில் வைத்திருந்தேன். நான்காவதற்கு, "போக மாட்டேண்ணே, இங்கதான் வேலை" என்று நியமனக் கடிதத்தை நீட்டினேன். கடிதத்தை அவர் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், புதுச் சட்டையின் மடிப்பைப் பார்த்தார், காலில் இருந்த செருப்பைப் பார்த்தார். செருப்பைப் பார்த்துத்தான் நிறுத்துகிறார் போலிருக்கிறது என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பின்னாலேயே பளபளக்கும் ஷூவோடு வந்த எங்கள் மேலாளரையும் நிறுத்தி அதே நான்கையும் கேட்டார். மேலாளர் அந்தக் கட்டடத்திலேயே தலை நரைத்தவர். அவரும் நின்று நிதானமாகப் பதில் சொல்லிவிட்டு, "தினமும் கேப்பார் தம்பி. சொல்லிட்டு வந்துடுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார்.

கட்டடத்தில் அவருக்கு 'விசாரணை' என்று பெயர். எங்களைப் போன்ற இளையவர்களுக்கு விசாரணை அண்ணன். பெயர் வைத்தது அவருக்குத் தெரியும். கோபமில்லை. கேட்கிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது என்பது அவர் கட்சி.

வாசலுக்கு ஓர் இரும்புக் கதவு, அதற்கு ஒரு பெரிய பூட்டு. பூட்டியதும் இழுத்துப் பார்ப்பார். நாலடி நடந்து, திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பார். வெயில் ஏறினால் பூட்டு தோசைக்கல்லாய்ச் சுடும். அதற்கென்றே நாலாக மடித்த நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை ஒன்று சட்டைப் பையில் இருக்கும். வேர்வையை அதில் துடைக்க மாட்டார். அது பூட்டுக்கு உரியது. வேர்வைக்குச் சட்டைக் கை இருக்கிறது.

மதில் ஓரங்களில் கட்டம் கட்டமாய் அச்சடித்த ஒட்டுத்தாள்கள் உண்டு. காவல் ஏஜென்சி ஒட்டியவை. சுற்றி வரும்போது ஒவ்வொன்றிடமும் போனைக் காட்ட வேண்டும். போனிலிருக்கும் ரவுண்ட்ஸ் ஆப், காவலாளி அந்த மூலைக்கு வந்து போனார் என்று மேலிடத்துக்குச் சொல்லும். காட்டியதும் போன் ஒரு பெண் குரலில், "நன்றி" என்னும். அண்ணன், "சரிம்மா" என்பார். ஒருமுறைகூட அந்த "சரிம்மா"வை அவர் தவறவிட்டு நான் பார்த்ததில்லை.

மத்தியானம் எதிர்ச் சாரியிலுள்ள சட்டைத் தையல் கம்பெனியில் மணி அடிக்கும். அங்கே காலர் தைக்கும் அவர் மனைவி டிபன் பாக்ஸோடு சாலையைக் கடந்து வருவார். கதவருகே நிற்பார். அண்ணன் கேட்பார். அக்கா ஒரே மூச்சில் பதில் சொல்வார்.

"உங்க பொண்டாட்டி. எதிர்க் கம்பெனியில இருந்து. உங்களைத்தான். சாப்பிட்டுட்டுப் போயிடுவேன்."

கதவு திறக்கும். காவல் அறையின் ஒரே நாற்காலியில் அக்காவும், தண்ணீர் கேன் மேல் அண்ணனும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பெரும்பாலும் அக்கா பேசுவார். அண்ணன் கதவைப் பார்த்தபடி 'ம்' கொட்டுவார். மணி அடித்ததும் அக்கா போய்விடுவார். அன்றைய நாள் அத்தோடு முடிந்தது போல அண்ணன் ஒரு பெருமூச்சு விட்டுக் கதவைப் பூட்டுவார்.

இதற்குத்தான் ஆபத்து வந்தது.

ஏஜென்சியின் மேற்பார்வையாளர் ஒருநாள் பைக்கை அணைக்காமலேயே சொல்லிவிட்டுப் போனார். "ஒண்ணாம் தேதியிலிருந்து புது ஆப்பு. பழைய போன்ல ஓடாது. போன் சரியில்லாதவங்களை ஊருக்கு வெளியே இருக்கிற குடோனுக்கு மாத்தச் சொல்லியிருக்காங்க. அங்க ஆப்பு கிடையாது, விசில்தான். பார்த்துக்குங்க அண்ணே." அந்தக் குடோனுக்கு விடியற்காலை பஸ்ஸில் போனால் இருட்டித்தான் திரும்பலாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு யாரும் அங்கே சாலையைக் கடந்து வர முடியாது. கடக்க அங்கே சாலையே இல்லை.

அன்று மாலை நான் வெளியே போகும்போது அண்ணன் மறித்தார். உள்ளே வருகிறவனைத்தான் மறிப்பார், போகிறவனை மறித்தது அதுவே முதல் தடவை.

"தம்பி என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.எஸ்சி. கம்ப்யூட்டர்ண்ணே." எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். யார் கேட்டாலும் சொல்லும்போது நெஞ்சு தானாக நிமிர்ந்துகொள்ளும்.

"அதுல போனும் வருமா?"

"வரும்" என்றேன். பாடத்தில் வராது. ஆனால் விடுதியில் என்னிடம் இருந்தது, தயாரித்த கம்பெனியே கைகழுவிய பழைய போன். அதில் கஸ்டம் ரோம் ஏற்றித்தான் படிப்பை முடித்தேன். கம்பெனி கைவிட்ட போன்களுக்கென்று வெளியாட்கள் ஆசைக்கு எழுதி இணையத்தில் போடும் புது மென்பொருள் அது. பழையதை எடுத்துவிட்டு இதை ஏற்றினால் கிழட்டுப் போன் இளசாகிவிடும். அண்ணனிடம் சொன்னேன். அவர் போனைக் கொடுத்துவிடுவார், நான் ஏற்றித் தந்துவிடுவேன், முடிந்தது என்று நினைத்தேன். அவர் யார் என்பதை மறந்துவிட்டேன்.

"யாரு இதை எழுதினது?"

"யாரோ ஒரு பையண்ணே."

"எங்கிருந்து வர்றான்?"

"தெரியாது. போட்டோ இடத்துல பூனைப் படம் வெச்சிருக்கான்."

"பூனையா?"

"ஆமா."

"மூஞ்சியைக் காட்டாதவனை எப்படித் தம்பி உள்ள விடுறது?"

"நல்லவன்ணே. நிறைய பேர் போட்டிருக்காங்க."

"காசு கேப்பானா?"

"கேக்க மாட்டான்."

"அப்போ எதுக்குச் செய்யறான்?"

என் பட்டத்தில் இதற்கு விடை இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று வீட்டுக்குப் போனேன்.

அதன்பின் தினமும் இருவேளை விசாரணை. காலையில் நான் அவருக்குப் பதில் சொல்லிவிட்டு உள்ளே போவேன், மாலையில் போனுக்காகப் பதில் சொல்லிவிட்டு வெளியே போவேன்.

"ஏத்தும்போது ஒயரு கழண்டுக்கிட்டா?"

"கழட்டாதீங்கண்ணே."

"கரண்டு போயிட்டா?"

"லேப்டாப்ல சார்ஜ் இருக்கும்."

"நான் தும்மிட்டா?"

"தும்மலாம்ணே."

இன்னொரு நாள், உள்ளே வருகிறவன் சரி, ஏற்கெனவே உள்ளே இருக்கிறவன் என்ன ஆவான் என்று கேட்டார். பழைய மென்பொருள் அழிந்துவிடும் என்றேன். "வாங்கினதுலேருந்து வேலை பார்த்தவன். ஒரு வார்த்தை சொல்லாமலா அனுப்புறது?" என்றார். திரையில் ஓர் எச்சரிக்கை வரும், நாம் சம்மதம் கொடுத்த பிறகுதான் அழியும் என்று விளக்கினேன். "அவன்கிட்டயா கேக்கும்? நம்மகிட்டதானே கேக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தார்.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் பூட்லோடர். போன் விழிக்கும்போது முதலில் எழுந்து, யாரை உள்ளே விடலாம் என்று பார்க்கும் காவல்காரன் அதுதான். கம்பெனி ஆளைத் தவிர யாரையும் அது விடாது. கஸ்டம் ரோம் ஏற்ற வேண்டுமென்றால் அந்தப் பூட்டைத் திறக்க வேண்டும். இதைக் கேட்டதும் அண்ணன் முகத்தில் முதல்முறையாக மரியாதை தெரிந்தது. என் மேல் இல்லை, பூட்லோடர் மேல்.

"வேலை முடிஞ்சதும் திரும்பப் பூட்டிடலாம்ல?"

"கூடாதுண்ணே. புதுசா வந்தவன் கம்பெனி ஆளு கிடையாது. பூட்டினா அடையாளம் கேக்கும், இவன்கிட்ட இருக்காது. அப்புறம் யாரையுமே உள்ள விடாது. போன் செத்துடும்."

"அப்போ காலம் பூரா திறந்தேவா கிடக்கும்?"

"திறந்தே இருந்தா ஒண்ணும் ஆகாதுண்ணே."

வாசல் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள் என்று சொன்னவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

இத்தனைக்கும் வீட்டிலேயே ஒரு புதுப் போன் இருந்தது. அக்காவுடையது, அவருடைய அண்ணன் வாங்கிக் கொடுத்தது. சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில் பெட்டியைப் பிரித்துத் தங்கையின் கையில் கொடுத்து, "மாப்பிள்ளை எங்க வாங்கித் தரப் போறார், நானே வாங்கிட்டேன்" என்று சொல்லியிருக்கிறார் அந்த மச்சான். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். விசாரணை அண்ணன் மட்டும் எழுந்து நின்று, "இந்தப் போனை என் ஆயுசுக்கும் கையால தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்கு நடுவில் அக்கா அந்தப் போனை எடுத்து வைத்தார். "இதுல அந்த ஆப்பைப் போட்டுத் தொலைங்களேன். எனக்கு எதுக்கு இது? மிஷின்ல உக்காந்தா போனை எடுக்க விடறாங்களா?"

"உங்க அண்ணன் குடுத்தது வேணாம்."

"எங்க அண்ணன் குடுத்த பொண்ணு மட்டும் வேணும், போன் வேணாமாக்கும்?"

"பொண்ணைக் குடுத்தப்போ அவர் யாரையும் சிரிக்க வைக்கல."

"ஆமா, அன்னிக்கு நான்தான் அழுதேன்" என்றார் அக்கா, டிபன் பாக்ஸை மூடியபடி. "குடோனுக்குப் போய் விசில் ஊதுங்க. நான் இங்க மிஷினைப் பார்த்துக்கிட்டே சாப்பிட்டுக்கறேன்."

அண்ணன் 'ம்' கொட்டவில்லை. அன்று மாலை என்னிடம் கேள்வியும் கேட்கவில்லை. "நாளைக்கு லேப்டாப்பு கொண்டாங்க தம்பி" என்றார்.

மாதத்தின் கடைசி நாள் அது. மத்தியான இடைவேளையில் காவல் அறையில் வேலையை ஆரம்பித்தேன். பூட்டைத் திறக்கும் கட்டளையை நான் தட்டச்சு செய்தபோது ஒவ்வோர் எழுத்தையும் வாய்க்குள் கூட்டிப் படித்தார். போனின் இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்துவதை உன்னிப்பாகப் பார்த்தார். தும்மல் வந்தது, அடக்கிக்கொண்டார். எல்லாம் ஒழுங்காக முடிந்தது. போன் எழுந்தது. புது ஆப் ஏறியது. மதில் மூலைக்குப் போய் ஒட்டுத்தாளிடம் காட்டினார். "நன்றி" என்றது. "சரிம்மா" என்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார். மணி அடித்தது, போனார்.

எனக்கும் மேலாளரிடமிருந்து அழைப்பு வந்தது. லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது அண்ணன் தண்ணீர் கேன் மேல் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். போன் மேசையில், கருப்புத் திரையோடு கிடந்தது.

"நீங்க சொன்னது சரிதான் தம்பி" என்றார். "செத்துடுச்சு."

நடந்தது இதுதான். நன்றாக இருக்கிறதா என்று பார்க்கப் போனை ஒருமுறை அணைத்துப் போட்டிருக்கிறார். எழும்போது திரையில் ஒரு திறந்த பூட்டின் படம் வந்திருக்கிறது. பூட்லோடர் திறந்திருந்தால் எப்போதும் வரும் எச்சரிக்கை அது. மறுபடி அணைத்துப் போட்டார், மறுபடி வந்தது. கதவுக்குப் போய் அந்தப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். மூன்றாம் முறையும் வந்தது. லேப்டாப் திரையில் நான் எழுதிய கட்டளை அப்படியே நின்றிருந்தது. திற என்பதற்கு நான் எழுதிய இங்கிலீஷ் சொல்லில் முதல் இரண்டு எழுத்தை விட்டுவிட்டால் பூட்டு என்று ஆகும் என்பதை அவரே கண்டுபிடித்து, ஒரே விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டி, இரண்டு பொத்தானையும் அழுத்தி, கேட்ட சம்மதத்தையும் கொடுத்துவிட்டார்.

"சொன்னேனேண்ணே, பூட்டினா செத்துடும்னு!"

"சொன்னீங்க. இல்லேங்கல." கொஞ்சம் யோசித்தார். "ஆனா திறந்திருக்கு, திறந்திருக்குன்னு அதுவே படம் போட்டுக் காட்டுது தம்பி. பார்த்துக்கிட்டு எப்படிச் சும்மா உக்காந்திருக்கிறது?"

தெரிந்த வித்தையெல்லாம் காட்டிப் பார்த்தேன். மறுபடி திறக்க வேண்டுமானால் போனுக்குள் போய் அனுமதி கொடுக்க வேண்டும். போனுக்குள் போக வேண்டுமானால் திறந்திருக்க வேண்டும். பூட்லோடர் அசையவே இல்லை. நான் தோற்றதை அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "நல்ல காவல்காரன்" என்றார். பூட்லோடரைத்தான்.

சாயங்காலம் கம்பெனி விட்டு வந்த அக்காவிடம் அவரே விஷயத்தைச் சொன்னார். அக்கா திட்டுவார் என்று நான் நழுவப் பார்த்தேன். திட்டவில்லை. செத்த போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாப் பூட்டினீங்களா?" என்று கேட்டார்.

"நல்லாப் பூட்டிட்டேன்."

"இழுத்துப் பார்த்தீங்களா?"

அக்கா தன் போனை எடுத்து மேசை மேல், அவர் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, அவரைப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.

விசாரணை அண்ணன் இப்போதும் அதே வாசலில்தான் இருக்கிறார். மத்தியானம் அக்கா வருகிறார், பதில் சொல்கிறார், சாப்பிடுகிறார்கள். பழைய போன் காவல் அறை அலமாரியில் பூட்டியபடி இருக்கிறது. புது ஆப் மச்சான் வாங்கிக் கொடுத்த போனில் ஓடுகிறது. சத்தியத்துக்கும் பங்கம் இல்லை. அந்த நீலக் கட்டம் போட்ட கைக்குட்டைக்குள் வைத்துத்தான் போனைப் பிடிக்கிறார். திரை துணிக்கு மசியாது, தோல் பட்டால்தான் வேலை செய்யும். அதற்கு மூக்கை வைத்துக்கொண்டிருக்கிறார். மதில் மூலையில் நின்று, குனிந்து, மூக்கு நுனியால் தொடுகிறார். "நன்றி" என்கிறது. "சரிம்மா" என்கிறார்.

போன வாரம் நான் உள்ளே நுழையும்போது அந்தப் போன் அடித்தது. திரை முழுக்க மச்சானின் முகம், மீசையோடு சிரித்தது. அண்ணன் இப்படியும் அப்படியும் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வதுபோல நின்றேன். மெல்லக் குனிந்து, மச்சானின் கன்னத்துக்குக் கீழே பச்சை வட்டத்தில் மூக்கை வைத்து ஓர் இழுப்பு இழுத்தார்.

"யாரு?" என்றார்.

"மாப்பிள்ளை, நான்தான்."

"எங்கிருந்து பேசறீங்க?"

"வீட்ல இருந்துதான். என்ன மாப்பிள்ளை..."

"யாரைப் பார்க்கணும்?"

"தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

"சாப்பாட்டு நேரத்துக்கு வருவாங்க. அப்போ வாங்க."

மறுபடி குனிந்து, சிவப்பு வட்டத்தை மூக்கால் தொட்டு வைத்தார். கைக்குட்டையின் ஒரு முனையை விரித்துத் திரையைத் துடைத்தார். பிறகு அதே முனையை மடித்து, மூக்கையும் துடைத்துக்கொண்டார்.