மலையின் வேர்
பூதிகோட்டைக் கல்குவாரியை விட்டு நடந்துகொண்டிருந்தேன். காலையில் ஒரு பாறை சரிந்து என் காலருகே விழுந்திருந்தது. இனிக் கல் வேலை வேண்டாம்.

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்ததும் தரை குலுங்கியது. வெளியே ஓடினேன்.

“ஓடுறப்பவே வெளியூருன்னு தெரியுது,” என்று சிரித்தார் கடைக்கார அம்மா. “ஏர் பிளாஸ்ட்டுங்க. மூடின சுரங்கத்துல பாறை வெடிக்குது. வந்து டீ குடிங்க.”

பாறைகளை ஆராய வந்தவர் ஒருவர் அங்கே இருந்தார். “ஆதியில ரெண்டு நிலம் மோதி இங்க மலை எழும்புச்சு. மலை கரைஞ்சுபோச்சு, வேர் மட்டும் கீழ இருக்கு. இப்படிப்பட்ட வேருங்க மேலதான் தென்னாடே உக்காந்திருக்கு,” என்றார்.

அதுவே நடுங்கினால் நான் எங்கே போய் நிற்பது? அவருக்குக் கல் சுமக்க ஆள் வேண்டியிருந்தது. எனக்கோ கையில் வேறு வேலை இல்லை.

மறுநாள் காலை பக்கத்துச் சுரங்கப் பகுதியான பாலகாட்டில், தரையைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, அவர் உடைத்துத் தந்த கருங்கற்களைச் சுமந்தேன்.