கரிமலையும் என் வீட்டுக்காரரும்

கார்த்திகை பிறந்தால் எங்கள் வீட்டுக்குப் புலி வந்துவிடும். மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரர், பார்க்க வருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் அவிழ்த்துவிடுவார். சபரிமலைக்கு எருமேலியிலிருந்து காட்டுக்குள் நடந்தே போகிற பெருவழிப் பாதையில், அழுதை ஆற்றைத் தாண்டியதும், புதருக்குள் இரண்டு கண்கள் மின்னினவாம். இவர் சரணம் சொன்னதும் அது தலையைத் தாழ்த்திக்கொண்டு விலகிப் போய்விட்டதாம். சில வருஷங்களில் அது யானையாகவும் இருக்கும்.

புதுக்கோட்டையில் டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். முன்வாசலில் சொன்னால் பின்வாசலில் கேட்கும் குரல். “பெருவழியில கரிமலை ஏத்தம்னா சும்மா இல்லப்பா. ஆம்பளைக்கே நாக்குத் தள்ளிரும்” என்று அந்தக் குரலில் அவர் சொல்லும்போது, வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டு நான் நிற்பேன். முப்பது வருஷத்துக்கு மேல் அப்படி நின்றிருக்கிறேன். விடியும் முன் தலைக்குக் குளித்து, தனிப் பாத்திரத்தில் சமைத்து, இவர் படுக்கும் பாயைத் துவைத்துக் காயப்போட்ட என்னுடைய விரதத்துக்குப் பேர் ஏதும் கிடையாது. விலக்கான நாட்களில் பக்கத்துத் தெருவில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட வேண்டும். அங்கே இருந்துகொண்டும், இவருடைய ராத்திரிப் பலகாரத்துக்கு யார் மாவாட்டுவார்கள் என்று நான்தான் கவலைப்பட வேண்டும். விரதம் இருந்து உடம்பு இளைத்துவிட்டது என்று ஊர் இவரைத்தான் மெச்சும்.

எனக்கு ஐம்பது தாண்டி எல்லாம் நின்றுபோன பிறகு, “இந்த வருஷம் நானும் மாலை போடுறேன்” என்றேன்.

“தாராளமாப் போடு. வேன்ல வந்து பம்பையில எறங்கி மெதுவா ஏறிக்க. பெருவழி ஒனக்கு ஆகாது.”

“ஆகுமா ஆகாதான்னு நடந்து பாத்துட்டுச் சொல்றேன்.”

நேரே குருசாமியிடம் போனார். குருசாமி என்றால் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர்தான். சிமெண்டு மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு தர்மம் பேசுவார். அவரைப் பேசவிட்டு இவர் என்னைத் தடுக்கப் பார்த்தார். பலிக்கவில்லை. குருசாமியின் சொந்த அக்காவே, என்னைவிட மூத்தவர், நடந்துதான் வருவேன் என்று அதற்கு முதல் நாளே தம்பியிடம் சண்டை போட்டிருந்தார். அக்காவை விட்டுவிட்டு என்னை மட்டும் தடுக்க அவருக்கு வாய் வரவில்லை.

எருமேலியில் பேட்டை துள்ளினோம். முகமெல்லாம் வண்ணப்பொடி, கையில் மரக்கத்தி, இடுப்பில் இலைக்கொத்து. வேட்டி கொஞ்சம் அழுக்கானாலே என்னைப் பார்த்துக் கத்துகிற மனுஷன், நடுரோட்டில் சேறும் சாயமுமாகக் குதித்துக்கொண்டிருந்தார். அது சாமிக்கு என்பதால் நான் சிரிக்கவில்லை. மாலை போட்டதிலிருந்து என்னையும் ‘சாமி’ என்றே கூப்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து ‘ஏய்’ என்பதற்கே திரும்பிய கழுத்து, சில நாட்கள் அந்தக் கூப்பாட்டுக்குத் திரும்பவே இல்லை.

பிறகு காடு. அழுதையில் குளித்து, மேலே குன்றில் போடுகிற வழக்கத்துக்காக ஆளுக்கொரு கல்லெடுத்துக்கொண்டு ஏறினோம். வளைவுக்கு வளைவு கடை. சுக்குக் காபி, எலுமிச்சை சர்பத், நறுக்கிய அன்னாசி. போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளக்கூட வசதி இருந்தது. புலி வந்தால் ஒரு டீயைக் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

“சாமி, புலி எந்த எடத்துல நின்னுச்சு?” என்று கேட்டேன்.

“அப்பல்லாம் காடு வேற மாதிரி சாமி” என்று சொல்லிவிட்டு அவர் வேகமாக முன்னால் போய்விட்டார்.

கரிமலை ஏற்றம் பொய்யில்லை. அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். மரவேர்களே படி. கால் வைத்த இடம் வழுக்கும். எனக்கும் மூச்சு முட்டியது, முழங்கால் கெஞ்சியது. ஆனால் நான் வல்லத்திராக்கோட்டைப் பக்கம் பிறந்தவள். தைலமரக் காட்டில் விறகு பொறுக்கிக் கட்டித் தலையில் வைத்து, செம்மண் சரளையில் செருப்பில்லாமல் வீடு வரை நடந்தவள். தலையில் பாரம் இருந்தால் பேசக்கூடாது, ஓடக்கூடாது, உட்காரக்கூடாது; ஒரே நடையாக நடக்க வேண்டும். இது எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அக்காவின் தலையிலும் என் தலையிலும் இருமுடி கையால் பிடிக்காமலே நின்றது. ஆண்களோ இருமுடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சரணம் போட்டபடி ஒரே ஓட்டமாகக் கொஞ்ச தூரம் ஏறுவார்கள். அப்புறம் பாறையில் சாய்ந்து போட்டோ எடுப்பார்கள். அப்புறம் சர்பத். மறுபடியும் ஓட்டம். இதைத்தான் இத்தனை வருஷமாக வீர சாகசம் என்று என் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பாதி ஏற்றத்தில் இவர் உட்கார்ந்துவிட்டார். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. முகம் வெளுத்து வேர்த்துக் கொட்டியது. குருசாமி அந்தப் பக்கம் ஒரு மரத்தடியில் தானே மல்லாந்து கிடந்தார். “ஒண்ணுமில்ல சாமி, பிடிப்புத்தான்” என்று படுத்துக்கொண்டே அருள்வாக்குச் சொன்னார்.

நான் இவர் காலை நீட்டிவிட்டு உருவினேன். அக்கா கடையில் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு வாங்கி வந்து கொடுத்தார். குடித்துவிட்டு இவர் அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தார். “ஊர்ல சொல்லிறாத சாமி” என்றார், மெதுவாக. பஸ்ஸில் கேட்ட குரல் எங்கே போயிற்றோ.

பாவமாக இருந்தது என்று எழுதினால் பொய். எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த மலையைக் காட்டித்தானே இத்தனை வருஷம் என்னைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். ஏறினால் நாக்குத் தள்ளும், இறங்கினால் உயிர் போகும் என்று சொன்னவரின் கால் என் மடியில் கிடந்தது. “எந்திரிங்க சாமி, வெயில் ஏறுது” என்றேன். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் உச்சி வரைக்கும் வந்தார். இறக்கத்திலும் கையை எடுக்கவில்லை.

சன்னிதானத்தில் ஒரு கண்சிமிட்டல் நேரம்தான் நிற்க விட்டார்கள். வேண்டிக்கொள்ள நினைத்ததெல்லாம் மறந்துபோய், வெறுமனே பார்த்துவிட்டு நகர்ந்தேன். இவர் தேம்பித் தேம்பி அழுதார். அந்த அழுகை நிஜம். அதில் எனக்குக் கிண்டல் இல்லை.

வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றியதும் ‘ஏய்’ திரும்பிவிட்டது. பிரசாதம் வாங்கச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். நான் அடுப்படியில் அரவணைப் பாயசத்தைக் கிண்ணங்களில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து குரல் கேட்டது.

“கரிமலையில இவ ஒக்காந்துட்டா. முடியலங்குறா. நான்தான் தைரியம் சொல்லி, கையப் புடிச்சு ஏத்திக் கொண்டாந்தேன்.”

கிண்ணத்தோடு வெளியே வந்தேன். குருசாமியின் அக்காவும் அங்கே உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் இவரைப் பார்த்து, “யாரு தம்பி ஒக்காந்தது? நான் பின்னாலதான வந்தேன்?” என்றார், வெகு சாதாரணமாக.

“எல்லாரும்தான் கொஞ்சம் கொஞ்சம் ஒக்காந்தோம்” என்றார் இவர். அதற்குப் பிறகு பேச்சு பஸ் டிக்கெட் விலைக்குப் போய்விட்டது.

அடுத்த கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வழக்கம்போல் ஆட்கள் வந்தார்கள். யாரோ பெருவழியைப் பற்றிக் கேட்டார்கள். இவர் கையை உதறினார்.

“அதுல இப்ப ஒண்ணுமில்லப்பா. வழி நெடுகக் கடை. பொம்பளையாளுகளே சர்வசாதாரணமாப் போயிட்டு வாராங்க. நான் இந்த வருஷம் பம்பையில எறங்கி ஏறப் போறேன்.”

நான் நடந்துவிட்டு வந்ததால் அந்த மலையே தாழ்ந்துபோயிற்று. இதைக் கேட்டுக் கோபப்படக்கூட எனக்குத் தோன்றவில்லை. அக்காவும் நானும் பெருவழிக்கே பேர் கொடுத்தோம். இவருக்கு வேனில் ஜன்னலோர சீட்டுப் போட்டு வைத்தார்கள்.